ஏழைகளின் படியேறிய பேராசிரியர் – பிரெடெறிக் ஒசானாம்

நம் பங்குகள் பலவற்றில் திருப்பலி முடிந்தபின் குருமனை விறாந்தையிலோ பாடசாலை வகுப்பறையொன்றிலோ ஏழெட்டுப் பேர் கூடியிருப்பதைக் காண்கிறோம். அவர்களுள் ஓர் ஆசிரியர் இருப்பார். ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் இருப்பார். சிலவேளை ஒரு வைத்தியரோ சட்டத்தரணியோ இருப்பார். செபத்தோடு தொடங்குவர். யார் எந்த வீட்டுக்குப் போனார்கள், அங்கே என்ன குறை கண்டார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்வர். ஒரு சிறு பை கைமாறிச் செல்லும். அடுத்தவர் காணாதபடி தம்மால் இயன்றதை அதனுள் இடுவர். மீண்டும் ஒரு செபம். பின் கலைந்து போவர். இதுவே வின்சென்ட் டி போல் சபை.

இச்சபையைத் தொடக்கியவர் புனித வின்சென்ட் டி போல்தான் என்று நம்மிற் பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அது சரியன்று. அப்புனிதர் 1660ல் இறந்து 173 ஆண்டுகள் கழிந்தபின், பாரிஸ் நகரில் சட்டம் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞரும் அவருடைய தோழர்களும் தொடக்கிய சபை இது. அந்த இளைஞர் பின்னர் சட்டத்தரணியானார். பெரும் பல்கலைக்கழகம் ஒன்றில் பேராசிரியரானார். மனைவி மகளோடு இல்லறம் நடத்தினார். அவர் குருவுமல்லர், துறவியுமல்லர். உத்தியோகத்தில் உயர உயர ஏழைகளை விட்டு விலகிப்போவதே உலக வழக்கம். அவர் உயர்ந்தார், ஆனால் விலகவில்லை. அவர் பெயர் பிரெடெறிக் ஒசானாம்.

வைத்தியர் வீட்டுப் பிள்ளை

ஒசானாம் 1813ம் ஆண்டு ஏப்ரல் 23ந் திகதி இத்தாலியிலுள்ள மிலான் நகரில் பிறந்தார். பெற்றோர் பிரெஞ்சுக்காரர். தந்தை ஜோன் அந்துவான் ஒசானாம் நெப்போலியனின் படையில் போர்வீரராக இருந்தவர். பின்பு வைத்தியம் படித்தவர். தாய் மரி, லியோன் நகரப் பட்டு வணிகர் ஒருவரின் மகள். அவர்களுக்குப் பிறந்த பதினான்கு பிள்ளைகளுள் பெரும்பாலோர் சிறுவயதிலேயே இறந்துபோயினர். எஞ்சியவர்களுள் மூத்தவர் அல்போன்ஸ் குருவானார். இளையவர் சார்ல்ஸ் வைத்தியரானார். நடுவே நின்றவர் பிரெடெறிக்.

1816ல் குடும்பம் லியோனுக்குத் திரும்பியது. லியோன் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற நகரம். தறிகளில் நாள் முழுதும் உழைத்தவர்கள் உயர்ந்த மாடி வீடுகளின் மேல்தட்டுகளில் நெருக்கமாகக் குடியிருந்தார்கள். அந்த மாடிகளுக்கு வைத்தியர் ஒசானாம் ஏறிப் போவார். ஏழைகள் பலரிடம் கட்டணம் வாங்காமல் மருத்துவம் செய்வார். தாயும் நோயுற்ற ஏழைகளை இரவிற் பார்த்துக்கொள்ளும் பெண்கள் சங்கமொன்றில் சேர்ந்து உழைத்தார்.

வயது ஏறியபோது நான்காம் மாடிக்கு மேல் போவதில்லை என்று கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்துக்கொண்டார்களாம். ஆனால் ஒருநாள் அதற்கும் மேலேயுள்ள மாடியொன்றில், ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் ஏறிவந்து, இருவரும் நேருக்குநேர் சந்தித்துக்கொண்டதாக அக்குடும்பத்தைப் பற்றிச் சொல்வார்கள். 1837ல் ஏழை நோயாளி ஒருவரைப் பார்க்கப் போன இடத்தில் படிக்கட்டில் தவறி விழுந்ததனாலேயே தந்தை இறந்தார். பிள்ளைகளுக்கு அவர் விட்டுச்சென்ற செல்வம் பெரிதன்று. ஆனால் படித்தவனுடைய படிப்பில் ஏழைக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை அவர்கள் வீட்டிலேயே கண்டு வளர்ந்தார்கள்.

பிரெடெறிக்கின் விசுவாசமும் சோதனைக்கு உட்படாமல் வந்ததன்று. பதினாறு வயதளவில் கடுமையான சந்தேகங்கள் அவரை வாட்டின. இரவிலும் நித்திரையின்றித் தவித்தார். உண்மை தெளிவானால் அதற்காகவே தன் வாழ்நாளைச் செலவிடுவதாக ஆண்டவருக்கு நேர்ந்துகொண்டார். அவருடைய மெய்யியல் ஆசிரியரான நுவாரோ அடிகள் கண்டித்து அடக்கவில்லை. நீண்ட நடைகளிற் கூட்டிச்சென்று பொறுமையோடு உரையாடி அவர் மனதைத் தெளிவித்தார். தடுமாறியவன் நிலை என்னவென்று தெரிந்திருந்தபடியால் பிற்காலத்தில் அவிசுவாசிகளோடு வாதிடும்போது ஒசானாம் ஒருபோதும் அவர்களை இகழ்ந்து பேசியதில்லை.

பாரிஸ் நகரில்

1831ம் ஆண்டு நவம்பரில் சட்டம் படிக்கப் பாரிசுக்கு வந்தார். அப்போது வயது பதினெட்டு. வீட்டு நினைவும் தனிமையும் அவரை வருத்தின. அந்த வேளையில் அவருக்குத் தம் வீட்டில் இடங்கொடுத்தவர் ஒரு பெரிய விஞ்ஞானி. மின்னோட்டத்தை நாம் இன்று அம்பியர் என்று அளக்கிறோமே, அந்த அளவுக்குப் பெயர் தந்த அந்திரே மரி அம்பியரே அவர். உலகறிந்த அம்மனிதர் கோவிலின் மூலையொன்றில் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்ததை ஒசானாம் கண்டார். பெரிய அறிவும் எளிய பக்தியும் ஒரே மனிதரில் இருக்கலாம் என்பதை அவர் அன்று கண்ணால் கண்டார்.

அக்காலப் பாரிசில் திருச்சபையின் நிலை எளிதாக இருக்கவில்லை. 1830ம் ஆண்டுப் புரட்சியோடு மன்னர் மாறியிருந்தார். பழைய ஆட்சியோடு திருச்சபையும் ஒழியட்டும் என்று பலர் எண்ணினர். பல்கலைக்கழக விரிவுரைகளிலும் கத்தோலிக்க மறை காலங்கடந்த ஒன்று என்று பேராசிரியர் சிலர் பேசினர். ஒசானாமும் தோழர்களும் மரியாதை தவறாமல் தங்கள் மறுப்பை எழுதிக் கொடுப்பார்கள். தகுந்த பிரசங்கங்கள் வேண்டுமென்று பேராயரிடமும் விண்ணப்பஞ் செய்தார்கள். அதன் பயனாகவே 1835ல் நோத்ர் தாம் பேராலயத்தில் லக்கோர்டேர் அடிகளின் புகழ்பெற்ற தவக்காலப் பிரசங்கங்கள் தொடங்கின.

எம்மானுவேல் பாயி என்ற கத்தோலிக்கப் பத்திரிகை ஆசிரியர் ஒருவர் மாணவருக்குப் பெரிதும் உதவியவர். அவருடைய ஆதரவில் மாணவர் கூடி வரலாற்று விடயங்களைப் பற்றி விவாதிப்பார்கள். எந்தக் கொள்கையுடையவரும் வரலாம், எதையும் பேசலாம். ஒசானாம் அங்கே நன்றாகப் பேசினார். திருச்சபை நாகரிகத்துக்குச் செய்த தொண்டுகளை ஆதாரங்களோடு எடுத்துக் காட்டினார். வாதங்களில் வென்றும் வந்தார்.

ஒரு கேள்வி

அப்படியான கூட்டமொன்றில் எதிர்த்தரப்பு மாணவர் ஒருவர் எழுந்தார். கிறிஸ்தவம் பழைய காலத்திற் பெரிய காரியங்களைச் செய்தது உண்மையே. ஆனால் இன்று அது இறந்துவிட்டது. கத்தோலிக்கர் என்று பெருமை பேசுகிற நீங்கள் இன்று இந்நகரத்து ஏழைகளுக்கு என்ன செய்கிறீர்கள். உங்கள் விசுவாசத்தைக் காட்டும் செயல் எங்கே என்று அவர் கேட்டார்.

கேள்வி நியாயமானது. 1832ல் பாரிசில் வாந்திபேதி பரவி 18,000க்கு மேற்பட்டோர் மாண்டிருந்தனர். இறந்தோரிற் பெருந்தொகையினர் ஏழைகள். லியோனில் 1831ல் நெசவாளர் கூலிக்காகக் கிளர்ந்தெழ, படைகள் வந்து அடக்கின. இத்தனையும் நடந்துகொண்டிருக்கையில் படித்த கத்தோலிக்க இளைஞர்கள் பழைய நூற்றாண்டுகளைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒசானாமிடம் அக்கேள்விக்கு விடை இருக்கவில்லை. வேறு யாராவது அவ்விடத்தில் கோபித்திருப்பார்கள். அல்லது சாமர்த்தியமாகப் பதில் சொல்லித் தப்பியிருப்பார்கள். அவரோ அது தமக்கு உரிய கண்டனம் என்று ஏற்றுக்கொண்டார். பேச்சை விட்டு ஏழைகளிடம் போவோம் என்று தோழர்களிடம் சொன்னார்.

1833ம் ஆண்டு ஏப்ரல் 23ந் திகதி இரவு எட்டு மணிக்குப் பாயி அவர்களின் பத்திரிகை அலுவலகத்தில் முதற் கூட்டம் நடந்தது. அன்று ஒசானாமுக்கு இருபது வயது நிறைந்தது. ஒகுஸ்ட் லெ தயாந்தியே, போல் லமாஷ், பிரான்சுவா லாலியே, ஜூல் தெவோ, பெலிக்ஸ் கிளாவே என்ற ஐந்து மாணவர் அவரோடு வந்தனர். பாயியையும் சேர்த்து எல்லாமாக எழுவர். அவர்களிடம் பணமில்லை, கட்டடமில்லை, பெரியோர் எவரின் ஆணையும் இல்லை. அடுத்த ஆண்டில்தான் புனித வின்சென்ட் டி போலைத் தங்கள் பாதுகாவலராகத் தெரிந்துகொண்டார்கள்.

கன்னியர் கற்பித்த பாடம்

உதவி செய்ய மனம் இருந்தது. ஆனால் எப்படிச் செய்வதென்று மாணவருக்குத் தெரியாது. ஏழைகள் எங்கே இருக்கிறார்கள், அவர்களோடு எப்படிப் பேசுவது, எதைக் கொடுப்பது, எதைக் கொடுக்காமல் விடுவது என்பதை எந்தப் பல்கலைக்கழகமும் அவர்களுக்குப் படிப்பித்திருக்கவில்லை. ஆகவே அவர்கள் தெவோவை ஒரு கன்னியரிடம் அனுப்பினார்கள்.

அவர் புனித வின்சென்ட் டி போலின் பிறரன்புக் கன்னியர் சபையைச் சேர்ந்த சகோதரி றொசாலி ரெண்டு. பாரிசின் மிக வறிய பகுதியான மூஃப்தார் வட்டாரத்தில் பல்லாண்டுகளாகத் தொண்டு செய்துவந்தவர். ஒவ்வொரு வீட்டையும் ஒவ்வொரு பிள்ளையையும் அறிந்தவர். அவர் மாணவருக்கு ஏழைக் குடும்பங்களின் பெயர்களைக் கொடுத்தார். தொடக்கத்தில் பாணுக்கும் இறைச்சிக்கும் மாற்றக்கூடிய துண்டுகளையும் கொடுத்தார். அவற்றிலும் மேலாக ஏழையிடம் போகும் முறையைக் கற்பித்தார். அவசரப்படாமல் இருந்து கேட்கவேண்டும், மரியாதையோடு பேசவேண்டும், வறுமையைக் கண்டு உடனே தீர்ப்புச் சொல்லக்கூடாது, ஏழையின் வீட்டில் நாம் விருந்தினர் என்பதை மறக்கக்கூடாது. 2003ம் ஆண்டு நவம்பர் 9ந் திகதி இக்கன்னியரைத் திருச்சபை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தியது.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். சட்டம் படித்தவர்களும் மருத்துவம் படிக்க வந்தவர்களும் அந்தக் கன்னியரிடம் மாணவராக இருந்தார்கள். தங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டார்கள். தொண்டுத் தலைமையின் முதற் படி அதுவே. படித்தவர் பலர் ஏழைகளுக்கு வழிகாட்டப் புறப்படுவர். ஏழைகளை அறிந்தவரிடம் வழி கேட்கப் புறப்படுவோர் சிலரே.

அவர்கள் வகுத்துக்கொண்ட ஒழுங்கு எளிமையானது. வாரந்தோறும் கூடவேண்டும். ஒவ்வொருவரும் தமக்குரிய குடும்பத்தைத் தாமே நேரிற் போய்ப் பார்க்கவேண்டும். ஆளனுப்பி உதவியைச் சேர்ப்பித்தால் போதாது. போனதைப் பற்றிக் கூட்டத்திற் சொல்லவேண்டும். கூட்டத்தில் அரசியல் பேசக்கூடாது. பணமுள்ளவர் அதிகமும் இல்லாதவர் குறைவும் இடுவது ஒருவருக்கும் தெரியாதபடி பையிலேயே இடவேண்டும். பட்டினிக்குப் பாண் மட்டும் போதாது என்பதையும் அவர்கள் சீக்கிரமே கண்டார்கள். ஒருவருக்கு வேலை தேடிக் கொடுத்தார்கள்; பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பினார்கள்; சட்டம் தெரிந்தவர் வழக்கில் ஆலோசனை சொன்னார்; மருத்துவம் தெரிந்தவர் நோயாளியைப் பார்த்தார். இப்படியாக அவரவர் தொழிலே அவரவர் தொண்டாயிற்று.

தலைமை இருக்கையில் அமராத தலைவர்

சபை தொடங்கியபோது தலைவராகத் தெரிவானவர் பாயி. 1844ல் அவர் விலகியபின் முன்னாள் நீதிபதியான கொசேன் தலைவரானார். 1848ல் போதோன் என்பவர் வந்தார். ஒசானாம் பொதுத் தலைவர் பதவியை ஒருநாளும் வகித்ததில்லை. உபதலைவராக இருந்தார், கடிதங்கள் எழுதினார், புதிய கிளைகளைப் போய்ப் பார்த்தார், மற்ற அங்கத்தவரைப்போல் தமக்குரிய குடும்பங்களையும் பார்த்துவந்தார். தாபகர் என்று தம்மைச் சொல்வதையும் அவர் விரும்பவில்லை. சிலர் கூடித் தொடங்கிய வேலை, கடவுளே வளர்த்த வேலை என்பதே அவர் நிலைப்பாடு.

ஆனாலும் தலைமை தேவைப்பட்ட நேரத்தில் அவர் பின்வாங்கவில்லை. 1834ம் ஆண்டின் முடிவில் அங்கத்தவர் தொகை நூறளவுக்கு வந்துவிட்டது. ஒரே அறையில் இத்தனைபேர் கூடினால் ஏழைகளைப் பற்றிப் பேச நேரமிராது, குழுக்களாகப் பிரிவோம் என்று ஒசானாம் பிரேரித்தார். பெரும் வாக்குவாதம் எழுந்தது. நண்பரை விட்டுப் பிரிய மனமில்லாத பலர் கடுமையாக எதிர்த்தனர். தோழர்களின் மனவருத்தம் ஒசானாமையும் வருத்தியது. எனினும் சபை நண்பர்களின் இன்பத்துக்காக அன்று, ஏழைகளுக்காகவே என்பதை அவர் விடவில்லை. 1835ன் தொடக்கத்தில் சபை குழுக்களாகப் பிரிந்தது. அதனாலேயே அது பரவவும் முடிந்தது.

படிப்பு முடிந்து ஊர் திரும்பியவர்கள் சபையையும் கொண்டுபோனார்கள். நீம் நகரில் ஒரு கிளை தொடங்கியது. லியோனில் ஒசானாமே தொடக்கினார். லாலியே நீதிபதியாகிச் சென்ஸ் நகரிற் பணிசெய்தார். லமாஷ் சட்டப் பேராசிரியரானார். ஊரிற் காலூன்றிய வைத்தியர், சட்டத்தரணி, வணிகர், ஆசிரியர் ஆகியோரை அழைத்து ஏழைகளின் வீட்டுக்கு அனுப்பும் பள்ளிக்கூடமாகவே சபை அமைந்தது. 1844ல் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும், 1845ல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரிலும் அது வேரூன்றியது.

உத்தியோகமும் அழைத்தலும்

ஒசானாம் 1836ல் சட்டத்திற் கலாநிதிப் பட்டம் பெற்று லியோனில் சட்டத்தரணியாகத் தொழில் தொடங்கினார். அது தந்தையின் விருப்பம். மகனுடைய மனமோ இலக்கியத்திலும் வரலாற்றிலும் இருந்தது. நீதிமன்றத்தில் ஒரு பக்கத்தின் குறையை மறைத்து மறுபக்கத்தின் குறையைப் பெருப்பித்துப் பேசும் வழக்கம் அவருக்கு ஒவ்வவில்லை. 1837ல் தந்தையும் 1839ல் தாயும் இறந்தார்கள். வருமானமும் வேண்டும், மனச்சாட்சியும் வேண்டும். குருத்துவமா இல்லறமா என்ற கேள்வியும் அவரைச் சிலகாலம் அலைக்கழித்தது.

1839ல் தாந்தே என்ற இத்தாலிய மகாகவியைப் பற்றிய ஆராய்ச்சிக்காக இலக்கியத்திலும் கலாநிதியானார். அதே ஆண்டு லியோன் நகரசபை வணிகச் சட்டத்துக்கென ஏற்படுத்திய பேராசிரியர் பதவி அவருக்குக் கிடைத்தது. எதிரேயிருந்து கேட்டவர்கள் வணிகராகவும் முதலாளிகளாகவும் வரவிருந்தவர்கள். அவர்களுக்கு ஒப்பந்தங்களையும் கடன்பத்திரங்களையும் பற்றி மட்டும் அவர் படிப்பிக்கவில்லை. தொழிலாளி இயந்திரமல்லன், அவனிடமிருந்து எவ்வளவு கறக்கலாம் என்று மட்டும் பார்ப்பது அநீதி, அவனும் குடும்பமும் வாழவும் பிள்ளைகளைப் படிப்பிக்கவும் முதுமையிற் சீவிக்கவும் போதுமான கூலி அவனுக்கு உரியது என்ற கருத்துக்களையும் எடுத்து விளக்கினார். பாப்பரசர் 13ம் சிங்கராயர் தொழிலாளர் நிலை பற்றித் தமது சுற்றுமடலை வெளியிட்டது 1891ல். அதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே பொதுநிலையினரான ஒரு விரிவுரையாளர் இவற்றைப் படிப்பித்திருக்கிறார்.

1840ல் பாரிசில் நடந்த தேசியப் போட்டிப் பரீட்சையில் முதலிடம் பெற்றார். அடுத்த ஆண்டு தொடக்கத்தில் சோர்போனில் அயல்நாட்டு இலக்கியம் படிப்பிக்கத் தொடங்கினார். 1844ல் நிரந்தரப் பேராசிரியரானார். ஒவ்வொரு விரிவுரைக்கு முன்பும் முழந்தாளிட்டுச் செபித்துவிட்டே புறப்படுவார். தம் மறையை மறைத்தும் பேசவில்லை. மறையின் பெயரால் ஆராய்ச்சியில் அசட்டையாயும் இருக்கவில்லை. நம்பாதவர்களும் அவரிடம் படிக்க வந்தார்கள்.

1841ம் ஆண்டு யூன் 23ந் திகதி லியோனில் அமேலி சூலக்குருவா என்பவரைக் கைப்பிடித்தார். ஒவ்வொரு மாதமும் 23ந் திகதி மனைவிக்கு மலர் கொடுப்பது அவர் வழக்கம். கடைசி நோயிலும் அதைத் தவறவிடவில்லை. 1845ல் மகள் மரி பிறந்தாள்.

வீட்டையும் ஏழைகளையும் இவர் எப்படிச் சேர்த்து நினைத்தார் என்பதைக் காட்டும் சம்பவம் ஒன்று உண்டு. ஒரு புதுவருடக் காலையில், தாம் பார்த்துவந்த குடும்பமொன்று தங்கள் அலுமாரியை அடகு வைத்துவிட்டது என்று மனைவியிடம் சொன்னார். முன்னே நன்றாக வாழ்ந்ததற்கு அவர்களிடம் மிஞ்சியிருந்த ஒரே அடையாளம் அது. அதை மீட்டுக் கொடுக்க விரும்பினார். அந்தப் பணம் வேறு உதவிக்குப் பயன்படும் என்று அமேலி தக்க காரணம் சொல்ல, அவரும் இணங்கினார். மாலையில் வீடு திரும்பியபோது மகளுக்கு வந்த விளையாட்டுப் பொருட்கள் பரந்து கிடந்தன. அவற்றைப் பார்த்து அவர் முகம் வாடிப்போயிற்று, இனிப்பைக்கூடத் தொடவில்லை. காரணத்தை அறிந்த அமேலியே போய் மீட்டுவரும்படி அனுப்பினார். அலுமாரியை அவ்வீட்டிற் சேர்ப்பித்துவிட்டு வந்தபின்பே அவருக்குப் புதுவருடம் பிறந்தது.

1848ம் ஆண்டின் வேதனை

1848ம் ஆண்டு பெப்ரவரியில் பிரான்சில் மீண்டும் புரட்சி வெடித்து முடியாட்சி வீழ்ந்தது. வசதியுள்ள கத்தோலிக்கர் பலர் தங்கள் சொத்தை எண்ணி அஞ்சினர். ஏழைகளின் மாடிகளிற் பதினைந்து ஆண்டுகளாக ஏறி இறங்கியிருந்த ஒசானாமோ, திருச்சபை மக்களின் பக்கமே நிற்கவேண்டும் என்று வெளிப்படையாக எழுதினார். லக்கோர்டேர் அடிகளோடும் மரே அடிகளோடும் சேர்ந்து 'புதிய யுகம்' என்று பொருள்படும் பெயரில் ஒரு பத்திரிகையை நடத்தினார். நண்பரின் வேண்டுகோளுக்கு இணங்கித் தேர்தலிலும் நின்றார், தோற்றார்.

யூன் மாதத்தில் வேலையிழந்த தொழிலாளர் வீதிகளை மறித்து அரண்கள் எழுப்பினர். 23ந் திகதி தொடங்கிய சண்டையில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஒசானாமும் தேசியக் காவற்படையிற் கடமைக்கு அழைக்கப்பட்டிருந்தார். ஒருபக்கம் அரசு, மறுபக்கம் தாம் வாரந்தோறும் பார்த்துவந்த குடும்பங்களைப் போன்றவர்கள். பேராயர் அஃப்ர் சமாதானத் தூதராகப் போனால் இரத்தம் சிந்துவது நிற்கலாம் என்று அவரும் நண்பர் இருவரும் எண்ணி, 25ந் திகதி பேராயரிடம் சென்று வேண்டிக்கொண்டனர். பேராயரும் அதே எண்ணத்தோடு இருந்தார். தளபதியின் அனுமதி பெற்று, சீருடையில் இருந்தவர்களைத் தம்மோடு வர விடாமல், அரணை நோக்கிச் சென்றார். அங்கே குண்டு பாய்ந்து வீழ்ந்தார். 27ந் திகதி உயிர்துறந்தார்.

நல்லதென்று எண்ணித் தாம் கேட்ட ஒன்று பேராயரின் மரணத்தில் முடிந்தது ஒசானாமுக்கு எத்தகைய துயரமாயிருந்திருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. வேறு யாரும் அத்தோடு பொதுக் காரியங்களை விட்டு நூலகத்துக்குள் ஒதுங்கியிருப்பர். அவரோ அந்த ஆண்டே நல்லோர் என்று தம்மை எண்ணிக்கொள்ளும் வசதியுள்ளோருக்கும், குருக்களுக்கும், சட்டமியற்றுவோருக்கும் பத்திரிகையிற் கட்டுரைகள் எழுதினார். கலகம் அடங்கிவிட்டது, ஆனால் வறுமை அடங்கவில்லை என்று காட்டினார். நிலவறைகளிலும் கூரையறைகளிலும் தாம் கண்ட குடும்பங்களைப் பற்றி விவரித்தார். பிறரன்பு காயத்துக்கு மருந்திடும். ஆனால் காயம் உண்டாகாமற் காப்பது நீதியின் வேலை. இரண்டும் வேண்டும் என்பதே அவர் கூறியதன் சாரம்.

கத்தோலிக்கருள்ளேயே சிலர் அவரைக் கடுமையாகத் தாக்கினர். கலகக்காரரோடு சேர்ந்தவர் என்றும், விசுவாசத்தில் விட்டுக்கொடுப்பவர் என்றும் எழுதினர். பத்திரிகையும் 1849ல் நின்றுபோயிற்று. தேர்தல் போயிற்று, பத்திரிகை போயிற்று. ஆனால் வாரந்தோறும் ஏழை வீட்டுக்குப் போகும் பழக்கம் போகவில்லை. அது பதவியிலோ புகழிலோ தங்கியிருக்கவில்லை.

நாற்பது வயதில்

அவருடைய உடல் ஒருபோதும் வலுவானதாக இருந்ததில்லை. சிறுநீரக நோய் அவரைச் சிறிது சிறிதாக உருக்கியது. 1852ல் நோயாற் படுத்திருந்தபோது, பேராசிரியர்கள் கடமையைச் செய்வதில்லை என்று மாணவர் சத்தமிடுகிறார்கள் எனக் கேள்விப்பட்டு, வீட்டார் தடுத்தும் எழுந்து போய் விரிவுரை செய்தார். வெளுத்துப்போன முகத்தைக் கண்ட மாணவர் வெட்கி, பின்பு கரகோஷஞ் செய்தனர். அதன்பின் அவர் அங்கே திரும்பவும் படிப்பிக்கவில்லை.

உடல்நலத்துக்காக இத்தாலிக்குப் போனார். ஓய்வெடுக்கப் போன இடத்திலும் வின்சென்ட் டி போல் கிளைகளைப் போய்ப் பார்த்தார். 1853ம் ஆண்டு ஏப்ரல் 23ந் திகதி, தமது நாற்பதாவது பிறந்தநாளில், பீசா நகரிலிருந்து ஒரு செபத்தை எழுதிவைத்தார். அதற்கு ஆதாரமாகக் கொண்டது நோயுற்ற எசேக்கியா அரசனின் மன்றாட்டு. மனைவி இளையவள், மகளுக்கு எட்டு வயதும் நிறையவில்லை, எழுதத் தொடங்கிய நூல்கள் முடியவில்லை. இவற்றையெல்லாம் விட்டுப்போக மனம் கூசுவதை மறைக்காமல் ஆண்டவரிடம் சொல்லி, ஈற்றில் அவர் சித்தத்துக்கே தம்மைக் கையளித்தார். தம்மைப்போல் துன்பப்படும் நோயாளருக்கு ஆறுதலாகும் வேதாகமப் பகுதிகளையும் அந்நாட்களில் தெரிந்தெடுத்து வைத்தார்.

பிரான்சு மண்ணில் இறக்க விரும்பிக் கப்பலேறினார். மார்செய் துறைமுகத்தில் இறக்கப்பட்டபின் பாரிசுக்குப் போக வலுவில்லை. 1853ம் ஆண்டு செப்ரெம்பர் 8ந் திகதி, தேவமாதாவின் பிறந்தநாளன்று, தேவதிரவிய அனுமானங்களைப் பெற்று அமைதியாக உயிர்நீத்தார். பாரிசில் கார்ம் கோவிலின் நிலவறையில் அவரது உடல் அடக்கஞ் செய்யப்பட்டது. அமேலி 1894 வரை விதவையாக வாழ்ந்து, கணவரின் எழுத்துக்களைக் காத்துத் தந்தார்.

1997ம் ஆண்டு ஓகஸ்ட் 22ந் திகதி உலக இளைஞர் மாநாட்டின்போது பாரிஸ் நோத்ர் தாம் பேராலயத்தில் பாப்பரசர் 2ம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். எழுவர் தொடக்கிய சபை இன்று ஏறக்குறைய 150 நாடுகளில் இயங்குகிறது.

நமக்குரிய பங்கு

நம் குடும்பங்களிற் பிள்ளைகளைப் படிப்பிக்கப் பெற்றோர் படும் பாடு கொஞ்சமன்று. ரியூசன் காசுக்குத் தாய் நகையை அடகு வைக்கிறாள். தந்தை மேலதிக வேலை செய்கிறார். பிள்ளை வைத்தியராகவோ பொறியியலாளராகவோ கணக்காளராகவோ வந்தால் நன்றித் திருப்பலியும் ஒப்புக்கொடுக்கிறோம். இதிற் குற்றமில்லை. ஒசானாமின் பெற்றோரும் மகனைப் படிப்பிக்கப் பாடுபட்டவர்களே. ஆனால் அவர்கள் படிப்போடு வேறொன்றையும் காட்டிக் கொடுத்தார்கள். பிள்ளை ஏழை வீட்டின் படிக்கட்டை அறிந்து வளர்ந்தான்.

ஊரிற் காலூன்றிய பெரியோரிடம் பங்கு எதிர்பார்ப்பது பெரும்பாலும் நன்கொடையும் தலைமை உரையுமே. விழா மேடையில் முன்வரிசைக் கதிரையும் மாலையும் கொடுத்து அத்தோடு விட்டுவிடுகிறோம். ஒசானாம் வாழ்ந்துகாட்டிய வழி வேறு. வைத்தியர் மாதத்தில் ஒருநாள் ஏழை நோயாளியின் வீட்டுக்குப் போகலாம். சட்டத்தரணி காணி உறுதியில்லாத ஒரு விதவைக்கு வழி சொல்லலாம். ஆசிரியர் காசு கட்ட முடியாத இரு பிள்ளைகளுக்குத் தம் வீட்டு விறாந்தையிற் பாடம் சொல்லலாம். வங்கியில் வேலைசெய்பவர் கடனில் மூழ்கிய குடும்பத்தோடு அமர்ந்து கணக்குப் பார்க்கலாம். இவற்றுக்குப் பதவி வேண்டியதில்லை; பத்திரிகையிற் படமும் வேண்டியதில்லை. போகும்போது மகனையோ மகளையோ கூட்டிச் செல்வது நல்லது. அவர்களும் அந்த வழியைப் பழகிக்கொள்வார்கள்.

அன்று பாரிசில் ஒரு மாணவர் எழுப்பிய கேள்வி நம்மை நோக்கியும் வருகிறது. உங்கள் விசுவாசத்தைக் காட்டும் செயல் எங்கே என்று நம் அயலவர் கேட்டால், பழைய கோவில்களையும் பாடசாலைகளையும் காட்டி விடைசொல்ல நமக்கும் ஆசை வரும். ஒசானாமுக்கு அந்த விடை போதவில்லை. வரும் ஞாயிறு, குருமனை விறாந்தையிற் கூடும் அந்த ஏழெட்டுப் பேரோடு நாமும் போயிருந்து, யாருடைய வீட்டுக்குப் போகவேண்டும் என்று கேட்போமாக.